மூன்று பள்ளிக்கூடமும் மூன்றாம் வகுப்பு நோட்டும்

கேள்வி:

வணக்கம் டீச்சர். மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் பதினோரு மணிக்குத்தான் வீடு வருவார். நான் வீட்டிலிருந்தே பூக்கட்டிக் கொடுக்கிறேன். மகளுக்கு மே மாதம் 5 வயது முடிகிறது. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அரசுப் பள்ளிதான் என்று முடிவு செய்துவிட்டோம். எந்தப் பள்ளி என்பதில்தான் வீட்டில் தினமும் பேச்சு. எங்கள் தெருக்கோடியிலேயே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி இருக்கிறது. மொத்தம் 34 பிள்ளைகள், இரண்டு டீச்சர். நான்குவழிச் சாலையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் நடுநிலைப்பள்ளி. 210 பிள்ளைகள், இங்கிலீஷ் மீடியம், ஸ்மார்ட் கிளாஸ், புதுப் பெயின்ட். இன்னொரு பக்கம் ஒன்றரை கிலோமீட்டரில் அரசு உதவி பெறும் பழைய எய்டட் தொடக்கப்பள்ளி. 140 பிள்ளைகள், கண்டிப்புக்குப் பேர்போனது, என் மாமியார் படித்தது. மாமியார் அதைச் சொல்கிறார். வீட்டுக்காரர் இங்கிலீஷ் மீடியம் என்கிறார். எனக்குப் பக்கத்துப் பள்ளிமேல்தான் மனசு. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா, "ஆளே இல்லாத பள்ளிக்கூடத்துல யாராவது பிள்ளையச் சேப்பாங்களா" என்று கேட்டதும் குழம்பிவிட்டேன். எதை வைத்து ஒப்பிடுவது? உள்ளே போய்க் கேள்வி கேட்டால் டீச்சர்கள் தப்பாக நினைக்க மாட்டார்களா?

பதில்:

வணக்கம் அம்மா. கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போய்க் கேளுங்கள். 32 வருஷம் மதுரையைச் சுற்றியுள்ள தொடக்கப்பள்ளிகளில் இடைநிலை ஆசிரியராகவும் தலைமை ஆசிரியராகவும் வேலை பார்த்திருக்கிறேன். சேர்ப்பதற்கு முன்னால் வந்து, "டீச்சர், வகுப்பை ஒரு தடவ பாத்துக்கிறட்டுமா" என்று கேட்ட தாய் தகப்பனை விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்டவர்கள்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. சொல்லப்போனால் அந்தப் பிள்ளைகளை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறேன். வீட்டில் கவனிக்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் ஆசிரியருக்கும் அந்தப் பிள்ளைமேல் ஒரு கண் கூடுதலாக விழும். போய்க் கேட்டு, முகம் சுளிக்கிற பள்ளி என்றால் அதுவும் உங்களுக்குக் கிடைத்த ஒரு தகவல்தான்.

இப்போது மார்ச் மாதம். இதைவிட நல்ல நேரம் உங்களுக்கு அமையாது. ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் இன்னும் சில வாரம் வகுப்பு நடக்கும். சித்திரைத் திருவிழா முடியட்டும், அழகர் ஆற்றில் இறங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் பள்ளி பூட்டிக் கிடக்கும். மே மாதத்தில் நீங்கள் பார்ப்பது சுவரையும் கேட்டையும்தான். ஜூனில் போனாலும் எல்லா நோட்டும் புதுசாக, வெறும் அட்டையாக இருக்கும். மார்ச் மாதத்தில்தான் பிள்ளைகளின் நோட்டு ஒரு வருஷத்துக் கதையைச் சொல்லும். அந்த நோட்டைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேசப்போகிறேன்.

ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சாதாரண நாளில் போங்கள். ஆண்டுவிழா, விளையாட்டு விழா நாளில் வேண்டாம். தலைமை ஆசிரியரைப் பார்த்து, "ஜூன்ல பிள்ளையச் சேக்கணும், மூணாம் வகுப்புப் பிள்ளைகளோட தமிழ் நோட்டு ரெண்டு பாக்கலாமா" என்று கேளுங்கள். ஒன்றாம் வகுப்பை விட்டுவிட்டு ஏன் மூன்றாம் வகுப்பு என்று தோன்றும். ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கேயும் பாட்டும் படமும் கைதட்டலும்தான். மூன்று வருஷம் அந்தப் பள்ளியில் உட்கார்ந்த பிள்ளையிடம் என்ன சேர்ந்திருக்கிறது என்பது மூன்றாம் வகுப்பில்தான் வெளியே வரும். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியபோது வைத்த குறிக்கோளும் அதுதான்: எட்டு வயதுக்குள் பிள்ளை பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கு போட வேண்டும். அப்படியென்றால் மூன்றாம் வகுப்பு முடிகிற பிள்ளைதான் அந்தப் பள்ளியின் ரிசல்ட்.

நோட்டைக் கையில் வாங்கியதும் கையெழுத்து அழகைப் பார்க்காதீர்கள். இரண்டு பிள்ளைகளின் நோட்டில் ஒரே நாள் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே வரியில் முடிவு, கீழே ஒரே பெரிய டிக் என்றால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. அப்படியும் எழுதத்தான் வேண்டும், தப்பில்லை. ஆனால் நோட்டு முழுக்க அதுவாகவே இருந்தால் பிள்ளை தானாக ஒரு வரி யோசித்து எழுதவில்லை என்று அர்த்தம். நல்ல வகுப்பின் நோட்டு கொஞ்சம் அழுக்காகவே இருக்கும். ஒரு பிள்ளை "நான் நேத்து ஆட்ட மேக்கப் போனேன்" என்று எழுதியிருக்கும், இன்னொன்று தன் தம்பியைப் பற்றி எழுதியிருக்கும். பிழை நிறைய இருக்கும். அந்தப் பிழையை ஆசிரியர் என்ன செய்திருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு நோட்டைச் சொல்கிறேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற கருத்தாளராகப் போனபோது ஒரு சின்னப் பள்ளியில் பார்த்தது. நம் மதுரைப் பக்கத்துப் பிள்ளைக்கு ழகரம் நாக்கில் ளகரமாகத்தான் வரும். அந்தப் பெண் ‘வாளப்பளம்’ என்று எழுதியிருந்தாள். டீச்சர் அடித்துத் திருத்தவில்லை. இரண்டு ‘ள’வுக்கும் அடியில் சின்னதாகக் கோடு போட்டிருந்தார். கீழே அந்தப் பிள்ளையே ‘வாழைப்பழம்’ என்று மூன்று தடவை எழுதி, பக்கத்தில் தேதி போட்டிருந்தாள். நாலைந்து பக்கம் தள்ளி அதே சொல் வேறொரு வாக்கியத்தில் வந்திருந்தது, சரியாக. அதன்மேல் ஒரு சின்ன நட்சத்திரம். டீச்சர் மறக்காமல் காத்திருந்து போட்ட நட்சத்திரம் அது. அந்தப் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ் கிடையாது. காம்பவுண்டு சுவர்கூடப் பாதிதான் இருந்தது. எனக்குப் பிள்ளை சின்னதாக இருந்திருந்தால் அன்றைக்கே அங்கே சேர்த்திருப்பேன்.

அடுத்தது வாசிப்பு. "ஒரு பிள்ளையக் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்று கேளுங்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான் பார்த்த ஒரு பையன் பாடத்தைக் கணீரென்று ஒப்பித்தான். கூட நின்றவர்கள் கைதட்டினார்கள். அவன் விரல் புத்தகத்தில் இரண்டாவது வரியில் நின்றது. வாய் ஐந்தாவது வரிக்குப் போயிருந்தது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்னய்யா" என்றேன். மேலே பார்த்தான், கீழே பார்த்தான், அழுதுவிட்டான். பாவம், அவன்மேல் ஒரு தப்பும் இல்லை. வகுப்பே சேர்ந்து சத்தம் போட்டு வாசித்ததில் காதால் மனப்பாடம் செய்திருந்தான். அதனால் பாடம் எதையும் வாசிக்கச் சொல்லாதீர்கள். சுவரில் ஒட்டியிருக்கிற உணவுப் பட்டியலையோ, உங்கள் பூக்கூடையில் சுற்றிய பழைய பேப்பரில் ஒரு தலைப்பையோ காட்டுங்கள். எழுத்துக் கூட்டி, தடுமாறி, கடைசியில் சொல்லிவிட்டால் போதும், அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும். மிரட்டாமல் சிரித்துக்கொண்டே கேளுங்கள். டீச்சர் பொறுக்கி எடுத்து நிறுத்துகிற முதல் பிள்ளையோடு நிறுத்திவிடாமல், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஒன்றையும் கூப்பிடுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை எந்தப் பள்ளியிலும் தேறிவிடும். தடுமாறுகிற பிள்ளையை ஒரு பள்ளி எப்படி வைத்திருக்கிறது என்பதுதான் இரண்டு பள்ளிகளுக்கு நடுவில் இருக்கிற நிஜமான வித்தியாசம். உங்கள் மகள் எந்தப் பக்கம் இருப்பாள் என்று இன்றைக்கு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நானே ஏமாந்திருக்கிறேன். என் பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிறபோது எனக்கு வேலை வாடிப்பட்டிப் பக்கம். காலையில் ஆறரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், பெரிய கட்டடம், வேன் வரும் என்ற இரண்டே காரணத்துக்காக ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தேன். நோட்டெல்லாம் அட்டை போட்டு அழகாக வரும், எல்லாப் பக்கத்திலும் ‘குட்’ இருக்கும். மூன்றாம் வகுப்பு லீவில் அவனோடு டவுனுக்குப் போனபோது பஸ் போர்டில் ‘திருமங்கலம்’ என்று எழுதியிருந்ததை அவனால் வாசிக்க முடியவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்து சொல்லிக் கொடுக்கிறவள், என் வீட்டுப் பிள்ளையின் நோட்டை ஒருநாளும் வாத்தியார் கண்ணால் பார்க்கவில்லை. அந்த லீவு முழுக்க அவனோடு உட்கார்ந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு சுருக்கென்கிறது.

சரி, இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. 34 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்பது குறைச்சல் இல்லை. கல்வி உரிமைச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4, 200 வரை 5. தெருக்கோடிப் பள்ளியில் ஒரு ஆசிரியருக்கு 17 பிள்ளைகள். நடுநிலைப்பள்ளியில் 210 என்பது எட்டு வகுப்புக்கும் சேர்த்து. அங்கே, "ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எத்தனை பிள்ளைக, அதுக்குன்னு எத்தனை டீச்சர்" என்று தனியாகக் கேளுங்கள். ஆறு முதல் எட்டு வரை எடுக்கிற பட்டதாரி ஆசிரியர்களையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு பெரிதாகத் தெரியும், உங்கள் மகளுக்கு அவர்கள் வர மாட்டார்கள். எய்டட் பள்ளியில் 140 பிள்ளைகள் என்றால் சட்டப்படி 5 ஆசிரியர் இருக்க வேண்டும். அங்கே எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று பேர்தான் என்றால் ஒருவருக்குக் கிட்டத்தட்ட 47 பிள்ளைகள். கண்டிப்பு என்று ஊர் சொல்வது சில இடங்களில் கூட்டத்தைச் சமாளிக்கிற அதட்டலாகவும் இருக்கும். காது கொடுத்துக் கேளுங்கள், எதற்காக அதட்டுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இதற்காக ஈராசிரியர் பள்ளியில் கஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். அப்படிப்பட்ட பள்ளிகளில் பதினோரு வருஷம் இருந்திருக்கிறேன். ஐந்து வகுப்பு, இரண்டு ஆள். ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்றை ஒன்றாக உட்கார வைத்துக்கொள்வார், இன்னொருவர் நான்கு, ஐந்து. ‘எண்ணும் எழுத்தும்’ வந்த பிறகு இதற்கு ஒரு ஒழுங்கு வந்தது. பிள்ளைகளை வகுப்பாகப் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று தெரிந்த அளவை வைத்துப் பிரித்து, அதற்குத் தக்கபடி பயிற்சி கொடுக்கச் சொல்கிறது திட்டம். கூட்டு வகுப்பு நன்றாக நடந்தால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்பு அக்கா வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே வளரும். உங்கள் மகளுக்கு அது பெரிய லாபம். ஆனால் இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ, தலைமை ஆசிரியர் கூட்டத்துக்கோ, வாக்காளர் பட்டியல் வேலைக்கோ, மருத்துவ விடுப்பிலோ போய்விட்டால் மிச்சம் ஒரே ஆள். அன்றைக்குப் பாடம் நடக்காது, பிள்ளைகளைப் பத்திரமாக வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்றாகிவிடும். எனக்கு அப்படி மாதத்தில் நாலைந்து நாள் போயிருக்கிறது. அதனால் தெருக்கோடிப் பள்ளியில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "ஒருத்தர் இல்லாத நாள்ல என்ன செய்வீங்க டீச்சர்?" அந்த நாளுக்கென்று வேலைத்தாளோ, கதைப் புத்தகமோ, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டுகிற ஏற்பாடோ வைத்திருந்தால் அவர்கள் யோசித்து நடத்துகிறவர்கள். "என்ன செய்யிறது, சமாளிக்கிறதுதான்" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். அந்த டீச்சர்கள் எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார்கள், இந்த வருஷம் இடமாறுதல் கலந்தாய்வில் போகிற எண்ணம் உண்டா என்றும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடுங்கள். இரண்டு பேர் பள்ளியில் ஒருவர் மாறினால் பாதிப் பள்ளி மாறின மாதிரி.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அவர் ஆசையில் தப்பே இல்லை. மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுகிற மனுஷர், மகள் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று நினைக்காமல் யார் நினைப்பது? ஆனால் போர்டில் இங்கிலீஷ் மீடியம் என்று இருப்பதற்கும் பிள்ளைக்கு இங்கிலீஷ் வருவதற்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது. 2012ல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறந்தபோது நானும் வகுப்பெடுத்தேன். பல தொடக்கப்பள்ளிகளில் தமிழ்வழியும் ஆங்கிலவழியும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். கணக்குப் புத்தகம் இங்கிலீஷில் இருக்கும், விளக்கம் தமிழில் நடக்கும், பிள்ளை புரியாத வாக்கியத்தைப் பார்த்து நோட்டில் எழுதும். தமிழை நன்றாக வாசிக்கிற பிள்ளை இங்கிலீஷைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். நடுநிலைப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு இங்கிலீஷ் நோட்டையும் அதே மாதிரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் சொந்தமாக இரண்டு வரி எழுதியிருந்தால், டீச்சர் கேட்கிற சின்னக் கேள்விக்கு இங்கிலீஷில் பதில் வந்தால், உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் சரக்கு இருக்கிறது.

அவரிடம் இதையும் சொல்லுங்கள். தமிழக அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010ல் வந்த சட்டம். 2020ல் திருத்திய பிறகு, கல்லூரிப் படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது; ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்று கேட்கிறார்கள். நாம் ஒன்றாம் வகுப்பில் போடுகிற கையெழுத்து இருபது வருஷம் கழித்து முன்னால் வந்து நிற்கும். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிற புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. ஆகவே ஐந்தாம் வகுப்பு வரை எய்டட் பள்ளியில் படித்தால் அதெல்லாம் கைவிட்டுப் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆறாம் வகுப்பில் மட்டும் ஞாபகமாக இருங்கள்.

எய்டட் பள்ளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எய்டட் என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, நடத்துவது நிர்வாகம். சில பள்ளிகளில் அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பிரிவோடு, பீஸ் வாங்குகிற சுயநிதி ஆங்கிலவழிப் பிரிவும் ஒரே வளாகத்தில் ஓடும். "இது எய்டட் செக்‌ஷனா, சுயநிதியா" என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மதுரையில் தலைமுறை தலைமுறையாகப் பேரெடுத்த எய்டட் பள்ளிகள் உண்டு, அவற்றில் நல்ல ஆசிரியர்களை எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மாமியார் படித்த காலத்து வாத்தியார் யாரும் இப்போது அங்கே இல்லை. அத்தையின் ஞாபகத்துக்கு மரியாதை கொடுத்து அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் உட்கார்ந்த வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்கள். முடிவை மட்டும் இன்றைக்கு அங்கே நடப்பதை வைத்து எடுங்கள்.

சாப்பாட்டில் மூன்று பள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான் தொடங்கியது. அடுத்த வருஷம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் வந்தது. 2024 ஜூலையில் கிராமப்புற எய்டட் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. மதியம் சத்துணவு, முட்டை. காலை எட்டே கால், எட்டரைக்கு ஒருநாள் எட்டிப் பார்த்தால் உப்புமாவும் சாம்பாரும் எப்படி இருக்கிறது என்பதைவிட முக்கியமான ஒன்று தெரியும்: அந்த நேரத்துக்கு ஆசிரியர் யாராவது வந்திருக்கிறாரா என்று. புத்தகம், சீருடை, செருப்பு, பை எல்லாம் எங்கேயும் இலவசம்தான், அதை வைத்து ஒப்பிட ஒன்றுமில்லை. பெயின்ட்டும் ஸ்மார்ட் கிளாஸும் நல்லதுதான், இருந்தால் இருக்கட்டும். ஸ்மார்ட் கிளாஸ் அறையின் பூட்டில் தூசி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கழிப்பறையை ஆனால் கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள். பதினோரு மணி இடைவேளையில் போவது நல்லது. தாழ்ப்பாள் பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, வாளியும் குவளையும் இருக்கிறதா என்று பாருங்கள். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடுவார்கள். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். அம்மாக்கள் "தண்ணியே குடிக்க மாட்டேங்குது" என்று பிள்ளையைத் திட்டுவார்கள். நான் இருந்த ஒரு பள்ளியில் தாழ்ப்பாளை ஒரு அடி இறக்கி மாட்டிய பிறகு, இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் தண்ணீர்ப் பானைக்கு வரிசையில் நின்றதைப் பார்த்தேன்.

அப்புறம் அந்த நான்குவழிச் சாலை. இதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை மேலூர் ரோட்டை தினம் இரண்டு தடவை கடக்க வேண்டும். வீட்டுக்காரர் காலையில் இருக்க மாட்டார். நீங்கள் பூ கொடுக்க வேண்டிய நேரமும் அதுதான். ஷேர் ஆட்டோ என்றால் ஒரு ஆட்டோவில் எத்தனை பிள்ளைகளை அடைக்கிறார்கள், எந்தப் பக்கம் இறக்கிவிடுகிறார்கள் என்று நீங்களே ஒருநாள் நின்று பாருங்கள். ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிற பிள்ளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்று விதியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. பக்கத்துப் பள்ளியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. காய்ச்சலோ வயிற்று வலியோ என்றால் ஐந்து நிமிஷத்தில் நீங்கள் போய்விடலாம். டீச்சரை வாரத்தில் இரண்டு தடவை தெருவிலேயே பார்க்கலாம். பிள்ளை லீவு போடுவதும் குறையும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், அதில் பெண்கள் பாதிப் பேர். தலைவராகவும் ஒரு தாய்தான் வருவார். மூன்று பள்ளியிலும் அந்தத் தலைவி யார் என்று கேட்டு, அவரோடு பத்து நிமிஷம் பேசுங்கள். போன கூட்டத்தில் என்ன பேசினீர்கள் என்று கேட்டால் போதும். தண்ணீர்த் தொட்டி, ஆசிரியர் காலியிடம், வாசிக்காத பிள்ளைகள் என்று ஏதாவது சொல்ல அவரிடம் இருந்தால் அந்தப் பள்ளிக்கு ஊர் துணையாக இருக்கிறது. "கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போவாக" என்றால் அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதே. உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் கொடிக்குளம். ஆயி பூரணம் அம்மாள் தன் மகளின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அந்த ஊர்ப் பள்ளியை உயர்த்துவதற்காக எழுதிக் கொடுத்தது 2024 ஜனவரியில். அரசுப் பள்ளியைத் தன் பள்ளி என்று நினைக்கிற மனுஷர் இருக்கிற பக்கம்தான் உங்கள் பக்கம். 34 பிள்ளைகள் 40 ஆவதற்கு உங்கள் மகள் ஒருத்தி ஆரம்பமாக இருக்கலாம். ஆளே இல்லை என்று ஆளாளுக்குச் சொல்லித்தான் பல நல்ல பள்ளிகள் காலியாயின. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

என் எண்ணத்தைக் கேட்டால் சொல்கிறேன். தெருக்கோடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு நோட்டு உயிரோடு இருந்தால், கடைசி வரிசைப் பிள்ளை தடுமாறியாவது வாசித்தால், ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே படிக்கட்டும். ஆறாம் வகுப்பில், பத்து வயதில், நடுநிலைப்பள்ளிக்குப் போகட்டும். அப்போது சாலையைக் கடக்கிற வயசும் வந்திருக்கும், உடன் போகிற தோழிகளும் இருப்பார்கள். நோட்டு செத்துக் கிடந்தால், பக்கம் என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். நடுநிலைப்பள்ளியின் ஐந்து வகுப்புக் கணக்கையும் எய்டட் பள்ளியின் ஆசிரியர் கணக்கையும் பார்த்து, ஆட்டோ ஏற்பாட்டை உறுதி செய்துகொண்டு போங்கள். எங்கே சேர்த்தாலும் அது ஆயுள் முடிவு இல்லை. நடுவில் மாற்ற வேண்டும் என்றால் மாற்றுச் சான்றிதழைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை வருஷத்துக்கு ஒரு பள்ளி மாற்றுவது நல்லதில்லை. புது டீச்சரின் குரலுக்குப் பழகவே அதற்குப் பாதி வருஷம் போய்விடும்.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்று, ஆதார் நகல், போட்டோ எடுத்துப் போங்கள். ஏதோ ஒரு காகிதம் குறைகிறது என்பதற்காகச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லக் கூடாது. பிள்ளைக்குப் பரீட்சை வைத்துச் சேர்க்கவும் கூடாது. மே மாதத்தில் 5 வயது முடிவதால் வயதிலும் சிக்கல் இல்லை.

போகிறபோது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் அவளை வகுப்பு வாசலில் விட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கிற டீச்சர் அவளிடம் குனிந்து பேர் கேட்கிறாரா என்று ஓரக்கண்ணால் கவனியுங்கள். மூன்று பள்ளியும் பார்த்து முடித்த பிறகு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். மூன்று நோட்டிலும் என்ன பார்த்தீர்கள், வகுப்பில் யார் வாசித்தது, எப்படி வாசித்தது என்று எழுதினால் போதும். ஜூனுக்கு முன்னால் பதில் எழுதிவிடுகிறேன்.